கவிழ்த்துப் பார்த்தல்

லாங்கெந்தால் பீங்கான் செய்த ஊர்.
விருந்துக்குப் போன இடத்திலும்
சூப் வருமுன் தட்டைக் கவிழ்த்து
முத்திரை தேடுகிறவர்கள் இங்கே உண்டு.
இந்த ஊரின் பழம்பொருள் கடையில்
விலைச்சீட்டு ஒட்டுவது என் வேலை.
செவ்வாய்க்கிழமை, வாழைப்பழப் பெட்டிக்குள்,
யாரோ செத்த வீட்டுத் துவாய்களுக்கு நடுவே
இவள் வந்தாள்:
முழ உயரம், பச்சைப் பாவாடை, தோளில் குடம்,
குடத்தின் வாயில் பல்பு.

முதலில் நகத்தால் தட்டவேண்டும்.
பீங்கான் பதில் சொல்லும்.
சுதை 'ம்' என்று நிறுத்திக்கொள்ளும்,
பேப்பர் படிக்கிற கணவனைப்போல.
விலாவில் அச்சின் தையல்.
உதிர்ந்த மூக்கு நுனியில் மாவு வெள்ளை.
நாக்கால் தொட்டால் ஒட்டும்.
(ரோஸ்மாரி பார்க்காதபோது செய்யவேண்டிய சோதனை.)
அடித்துணியைக் கத்தி முனையால் உரித்தேன்:
பெயர் இல்லை, நாடு இல்லை,
ஈரத்தில் ஆணியால் கீறிய எண் மட்டும், 412.
நூல் பின்னிய வயர், பேக்கலைட் சுவிட்ச்.
ஐம்பதுகளின் கடைசி என்று எழுதலாம்,
பென்சிலால்.

கிட்ச் என்பார்கள் இந்த மொழியில்.
தும்மலை அடக்கியதுபோல் ஒரு சொல்.
சிரித்துக்கொண்டே சொல்வார்கள்,
சிரித்துக்கொண்டே நூற்றெண்பது பிராங் எண்ணி வைப்பார்கள்.
ஜோடி என்றால் மூன்று மடங்கு.
ஒற்றைக்கு மடங்கு கிடையாது.

பாவாடைச் சுருக்கத்தின் பள்ளத்தில்
பச்சைக்கு அடியில் ரோஜா நிறம்.
சமையலறைத் திரைக்குப் பொருத்தமாக
மிச்சமிருந்த ஜன்னல் பெயிண்டை
யாரோ பூசியிருக்கிறார்கள்.
தூரிகை மயிர் ஒன்று இடுப்பில் ஒட்டியே காய்ந்திருந்தது.
"மறுபூச்சு. பாதி விலை" என்றார்
பாசலிலிருந்து வரும் வியாபாரி லூத்தி.
கோபுரத்துச் சுதைக்கு
பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை
உச்சி முதல் பாதம்வரை புதுப்பூச்சு;
துவாரபாலகர் பாதி விலைக்கு இறங்கியதாக
நான் கேள்விப்பட்டதில்லை.
சொல்லவில்லை. அவர் உருப்பெருக்கியைக்
கண்ணில் சொருகியிருந்தார்.

"இது என்ன, அழுக்கா?"

இடது கன்னத்தில், உதட்டுக்கு ஒரு விரற்கடை மேலே,
மிளகில் பாதி இராது, ஒரு மச்சம்.
அச்சில் வந்ததல்ல; வந்திருந்தால் மேடு தட்டும்.
பச்சை பூசிய கை முரட்டுக் கை.
இது வேறு நேரத்தில்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தது.
"ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிடு.
வியாழக்கிழமை வந்து அறுபது தருகிறேன்."

பஞ்சு எடுத்தேன்.
போத்தல் மூடியையும் திறந்தேன், நெடி ஏறியது.
நானூற்றுப் பன்னிரண்டில்
எத்தனை பேரை வார்த்தார்களோ,
அத்தனை பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே இடுப்பு.
இவள் ஒருத்திக்கு மட்டும்
யாருடைய கன்னமோ.
மூடினேன்.

பதிவேட்டில் 'சேதம்' என்றொரு கட்டம்:
மூக்கு நுனி, சுண்டுவிரல், மறைப்பில் கிழிசல்.
மச்சத்தை அங்கே எழுதப்போய் பேனா நின்றது.
'சிறப்பு' என்ற கட்டமும் இருக்கிறது;
அது கையொப்பமுள்ள பொருளுக்கு என்பாள் ரோஸ்மாரி.
கடைசியில் 'பாகங்கள்' கட்டத்தில் எழுதினேன்:
பல்பு தாங்கி ஒன்று.
வயர் ஒன்றரை மீட்டர்.
மச்சம் ஒன்று.
விலை நாற்பத்தைந்து.

வியாழன் எனக்கு விடுமுறை.
வெள்ளி காலை அலமாரியில்
தூசி படியாத ஒரு வட்டம்.
கல்லாச் சுருளில் 45.00, ரொக்கம், பதினொன்று இருபது.
வாங்கியது யாரென்று
பயிற்சிப் பையனுக்கு ஞாபகமில்லை.
மீசை வைத்தவரா?
இருக்கலாம்.
பெண்ணா?
அதுவும் இருக்கலாம்.

ஸ்பிரிட் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
குறைந்திருக்கவில்லை.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.